கித்தேரி போடாத உப்பு

சவேரியார்காட்டில் சாப்பிட உட்கார்ந்த எவரும் உப்புக் குறைவு என்று சொல்வதில்லை. குழம்பில் உப்பு போட மறந்துபோன நாளில்கூட ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பருக்கைவரை தின்று முடித்து, கை கழுவுகிற இடத்தில் நின்று, நல்லா இருந்துச்சு என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு புதுப்பெண், விவரம் தெரியாமல், ரசத்தை வாயில் வைத்த உடனே "அத்தே, உப்பு இல்லியே" என்று சொல்லிவிட, மாமியார்க்காரி கரண்டியை வீசிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஊரே அந்த வாசலில் கூடிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் விரலை விட்டு நக்கிப் பார்த்து, ரசத்தில் நிஜமாகவே உப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. அந்த மருமகள் இன்றைக்கும் பேரன் பேத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அவள் அதற்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எல்லாம் சூப்பால் வந்தது. ஜீப்பு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற அந்த மலைச்சரிவுக்கு, எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்து சேர்ந்தார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கோசுச்சாமி என்றே ஊர் அவரைக் கூப்பிட்டது. குளிர் தாங்காமல் பல் கிட்டிக்கொண்ட அந்த மனிதர் கோயில் கட்டுவதற்கு முன்னால் முட்டைக்கோசு நட்டார், பன்றி வளர்த்தார், பன்றிக்கறியை மலைப்பூண்டும் மிளகும் உப்பும் சேர்த்துக் கொத்திக் குடலில் அடைத்து அடுப்புப் புகையில் தொங்கவிட்டுச் சாசேஜ் செய்யக் கற்றுக்கொடுத்தார். முதல் உறைபனி விழுந்து கோசு இனிப்பேறுகிற அன்றைக்கு, அந்தக் கோசையும் சாசேஜையும் ஒரே அண்டாவில் போட்டு ஊருக்கே சூப்பு வைத்து ஊற்றினார். அவர் போய்ச் சேர்ந்தார், சூப்பு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டு, முதல் பனி விழுந்த அன்று முறைக்காரர் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். பொழுது சாயும்போது ஊர்ச்சனம் அவரவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகும்.

அப்படி ஒரு வருஷம் யாகப்பன் என்பவன் மட்டும் கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்து, "என்ன இது, உப்பே போடலியா" என்றான். மற்ற எல்லோருக்கும் உப்பு சரியாக இருந்தது. அவனைக் கேலி பண்ணிச் சிரித்தார்கள். அடுத்த பனி வருவதற்குள் யாகப்பன் மேல் ஒரு யூக்கலிப்டஸ் மரம் சாய்ந்தது. அடுத்த வருஷம் இப்படியே சொன்ன ஒரு பெண் பிரசவத்தில் போனாள். அதற்கடுத்த வருஷம் சொன்னவர் நோய் நொடி ஒன்றும் இல்லாமல், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனார். ஊருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பனியைப் பார்க்கப் போகாதவர் நாக்குக்கு முதல் பனி சூப்பின் உப்பு தெரியாது, அவ்வளவுதான். மழைக்கு முன்னால் எறும்பு ஏறுவதுபோல இதையும் ஊர் ஒரு வழக்கமாக எடுத்துக்கொண்டது. மாதம் ஒரு தடவை ஜீப்பில் வந்து பூசை வைக்கிற பங்குச்சாமியார் இது மூடநம்பிக்கை, பாவம் என்று பிரசங்கம் பண்ணினார். பண்ணிவிட்டு, ஒரு டிசம்பரில் தற்செயலாக முதல் பனி அன்று வந்து மாட்டிக்கொண்டபோது, அவரும் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, பெருமூச்சு விட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு வருஷம் சூப்பே வேண்டாம் என்று நிறுத்தியும் பார்த்தார்கள். சாவு நிற்கவில்லை, சொல்லாமல் வந்தது. வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டவன் மேய்வதற்கு முன்னாலேயே போனான். அண்ணன்காரனோடு முகம் கொடுத்துப் பேசாத தம்பி பேசாமலேயே போனான். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற குழாயின் வால்வு எந்தப் புதரில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள், அதைச் சொல்லாமலேயே போய், ஊரே பல நாள் புதர் புதராகத் தேடியது. இதற்குத் தெரிந்து தொலைப்பதே மேல் என்று மறுபடியும் அண்டாவை இறக்கினார்கள். ஒன்று மட்டும் சட்டமானது. குடிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்று குடிக்க வேண்டும், உப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நல்லா இருந்துச்சு என்று சொல்ல வேண்டும். சமைக்கிறவள் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. சாசேஜை ஊறவைத்து அதன் உப்புக்கரிப்பைத் தண்ணீரில் போக்கிவிட்டு, கோசு குழைகிற நேரத்தில், சூப்பின் உப்பை வீட்டுக்காரி தன் கையால் மட்டுமே போட வேண்டும்.

ஆனாலும் யார் என்பது தெரியாமலா போகும்? உப்பு தெரியாத ஆள் மறுநாள் காலையில் கோடாலியை எடுத்துவிடுவான். தனக்குப் பிறகு வீடு குளிரில் கிடக்கக் கூடாதே என்று விறகு உடைப்பான், உடைத்து உடைத்து அடுக்குவான், விறகு ஜன்னலை மறைத்துக் கூரையைத் தொடும். சவேரியார்காட்டில் ஒரு வீட்டு விறகு ஜன்னலுக்கு மேல் ஏறிவிட்டால் அந்த வீட்டு வாசலில் நின்று யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள்.

கித்தேரியின் அப்பா உடைத்த விறகு கூரையைத் தொட்டது. அப்போது அவள் சிறுமி. அந்த வருஷம் முழுக்க வெளியே கோடாலி விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுப்படியில் அம்மாவின் தோள் ஒரு தடவை துள்ளி அடங்கும். அப்பா போன பிறகும் அந்த விறகு தீரவே இல்லை. அதை எரிக்கவும் முடியாமல் எரிக்காமல் இருக்கவும் முடியாமல், அம்மா ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தடவிப் பார்த்து அடுப்பில் வைப்பாள். என் வாழ்க்கையில் இந்தச் சத்தத்தை மறுபடி கேட்க மாட்டேன் என்று கித்தேரி அந்த வயதிலேயே முடிவு பண்ணிக்கொண்டாள்.

இந்த வருஷம் முறை கித்தேரி வீட்டுக்கு வந்தது. அவள் புருஷன் சந்தியாகு ஆவணி மழையில் நனைந்ததிலிருந்து இருமிக்கொண்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. கோசு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல கையை ஆட்டுவான். அவர்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. அவளை மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவர் இருமினால் மற்றவருக்குத் தூக்கம் கிடையாது. பனி விழாமலே இந்த வருஷம் போய்விடக் கூடாதா என்று கித்தேரி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். மாதாவுக்கு என்ன வேலையோ, மார்கழி பிறந்த கையோடு ஒரு காலையில் கோசுத் தோட்டம் முழுக்க மாவு தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது.

வாசலில் நின்று அதைப் பார்த்த கணத்திலேயே கித்தேரி முடிவெடுத்துவிட்டாள். உப்பே போடாவிட்டால் யாருக்கும் உப்பு தெரியாது. யாருக்கும் தெரியாவிட்டால் அவருக்குத் தெரியாததும் எனக்குத் தெரியாது. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், கோடாலிச் சத்தம் எதற்கென்று தெரியாமல் நான் இருந்துவிட்டுப் போகிறேனே.

அவள் அன்று சமைத்த மாதிரி அதற்கு முன் சமைத்ததில்லை. அடுப்புக்கு மேலே கறுத்துத் தொங்கிய சாசேஜ்களை இறக்கி, ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, மறுபடி கொட்டி, அதில் இருந்த கடைசிக் கரிப்பும் வாய்க்காலோடு போகிறவரை விடவில்லை. பிறகு அதை வட்ட வட்டமாக அரிந்து அண்டாவில் போட, அதன் கொழுப்பே உருகி எண்ணெயாகி, அதில் வெங்காயம் சுருண்டு, மலைப்பூண்டு சிவந்து, மிளகு பொரிந்து, வாசனை கூரை வழியாகக் கசிந்து ஊருக்குள் இறங்கியது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் போட்டாள். தண்ணீர் கொதித்ததும், பனி இன்னும் ஒட்டியிருந்த கோசுகளைக் கொழுக்கட்டை அளவுத் துண்டுகளாக நறுக்கி, கை கையாக அள்ளிப் போட்டாள். கோசு அண்டாவை மீறி எழும்பி நின்று, பிறகு பெருமூச்சு விட்டதுபோல மெல்ல அமிழ்ந்தது.

கோசு குழைந்தது. சந்தியாகு வாசல் நிலையில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். கித்தேரி உப்பு ஜாடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள், வெறுங்கையை மூடி எடுத்தாள், அண்டாவுக்கு மேலே உதறினாள், சிலுவை போட்டாள். பிறகு கோயில் மணியை அடிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

பொழுது சாயும்போது ஊர் வந்தது. கிண்ணத்தோடு வந்தது, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது, யாரும் யாரோடும் பேசாமல் வந்தது. கித்தேரி ஊற்ற ஊற்ற, வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். வீட்டுச் சுவர் போதாமல் வெளிச்சுவரிலும், அதுவும் போதாமல் மாட்டுக் கொட்டகைச் சுவரிலும் நின்றார்கள். உபதேசியார் மிக்கேல் ஜெபம் சொல்லி முடித்ததும், எல்லோரும் ஒரே நேரத்தில் கிண்ணத்தை வாயில் வைத்தார்கள்.

கித்தேரியும் குடித்தாள். மிளகு உறைத்தது, பூண்டு மணத்தது, கொழுப்பு நாக்கில் வழுக்கியது, கோசு பனியின் இனிப்போடு கரைந்தது. உப்பு மட்டும் இல்லை. அவள் எதிர்பார்த்ததுதான்.

அவள் ஒருத்தி மட்டும் சட்டத்தை மீறித் திரும்பிப் பார்த்தாள். வரிசையாக முதுகுகள். போர்வைகளுக்குள் குனிந்த முதுகுகள், பிள்ளை தூங்குகிற முதுகுகள், கூன் விழுந்த மிக்கேலின் முதுகு, சட்டை தொங்குகிற சந்தியாகுவின் முதுகு. ஒவ்வொரு முதுகும் இந்த நிமிஷம் தனக்குத்தான் சாவு என்று தெரிந்துகொண்டு, சத்தம் போடாமல் நிற்கிறது என்று நினைத்தபோதுதான், தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஒருவர் சாவு தெரியக் கூடாது என்று போய் ஊரையே கொன்று நிறுத்திவிட்டேனே என்று தன்னையே சபித்துக்கொண்டாள். மிக்கேல் இன்னொரு கிண்ணம் கேட்டார். பாவம், கிழவர் என்ன தைரியமாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே ஊற்றினாள். சந்தியாகு கிண்ணத்தின் அடியை விரலால் வழித்து நக்கினான். நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு என்று சுவர்கள் எல்லாம் சொல்லின.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கித்தேரிக்கு நரகம். பக்கத்து வீட்டுச் சலேத்தம்மா எப்போதோ வாங்கிப்போன அரிவாளைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். கித்தேரி அதைக் கையில் வாங்காமல் நின்றாள்.

"என்னக்கா அப்படிப் பாக்குற? உன் அரிவாதான்."

"இப்ப எதுக்குடி குடுக்குற? நீயே வச்சுக்க. ரொம்ப நாளைக்கு வச்சுக்க."

சலேத்தம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். உபதேசியார் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு எல்லா வருஷமும் அடிப்பதுதான். கித்தேரிக்கு அவர் கடைசியாக அடிப்பதுபோலத் தெரிந்தது. பிள்ளைகள் குடில் கட்டுவதற்கு பாசி பொறுக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, ஐயோ இந்தப் பிஞ்சுகளுக்குக்கூட தெரிந்துபோயிருக்குமா என்று கதவை மூடிக்கொண்டு அழுதாள். ஒன்று மட்டும்தான் அவளுக்கு விளங்கவில்லை. எந்த வீட்டிலும் விறகு ஏறவில்லை. மூடி மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். இத்தனை பேர் இவ்வளவு நன்றாக மூடி மறைக்கிறார்களே என்று நினைக்க நினைக்க அவர்கள் மேல் பாசம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயிலில் எழுந்து நின்று சொல்லிவிடுவது, ஊர் காறித் துப்பினால் துப்பட்டும், அதற்கு முன்னால் புருஷனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெயில் ஏறாத ஒரு காலையில் இருவரும் தோட்டத்தில் கோசு அறுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு அன்று இருமவே இல்லை. நாலைந்து நாளாகவே இருமல் குறைந்திருந்ததை அவள் கவனித்திருந்தாள், நம்பத்தான் பயமாக இருந்தது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு சூப்புல..."

சந்தியாகு அறுத்த கோசைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

"உப்பு போட மறந்துட்ட. அதானே?"

கித்தேரி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான்தான் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேனே. ஜாடிக்குள்ள கைய விடுற, வெறுங்கைய எடுக்குற, என்னமோ அள்ளிப் போட்ட மாதிரி உதறிட்டுச் சிலுவையும் போடுற. இந்தப் புள்ளைக்கு என் இருமல நெனச்சு நெனச்சு புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ மணியடிக்கச் சொல்லப் போனியா, நான் ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கிண்டி விட்டுட்டேன்."

"நீங்களா?"

"வீட்டுக்காரி கையிலதான் போடணும், வேற கை படக் கூடாதும்பாங்க. அதான் மூச்சு விடல. நீயும் யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத." அவன் கோசை மூட்டைமேல் வைத்தான். "ஒரு கை அதிகமாவே விழுந்துருச்சுபோல. எனக்கே கரிச்சுது. உபதேசியார் கரிப்புக்குத்தான் ரெண்டாவது கிண்ணம் வாங்கிக் குடிச்சாரு, அந்த மனுசனுக்கு உப்புன்னா உசுரு. ஏன், உனக்குக் கரிக்கல?"

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அவருக்கு உப்பு தெரிந்திருக்கிறது. கரிக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. மிக்கேலுக்குத் தெரிந்திருக்கிறது, சலேத்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, பாசி பொறுக்குகிற பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது, கீழே வெள்ளையடித்த வீடுகளில் யாரும் நடிக்கவில்லை, சாவை மூடி மறைக்கவில்லை. மனசிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போனதுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் குனிந்து அடுத்த கோசின் தண்டில் அரிவாளை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

நாக்கில் அன்றைய சூப்பு மறுபடியும் வந்தது. மிளகு, பூண்டு, கொழுப்பு, கோசின் இனிப்பு.

"ஏ புள்ள, உன்னத்தான் கேக்குறேன். கரிக்கல?"

"கரிச்சுது," என்றாள் கித்தேரி. "அதான் கேக்க வந்தேன், யாரு கைன்னு."

அவள் தண்டை அறுத்தாள். அதற்கடுத்ததையும் அறுத்தாள். அந்தப் பாத்தி முடிகிறவரை நிமிரவில்லை.

கோடாலியை அவள் எடுக்கவில்லை. விறகு ஏறினால் ஊருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், பிறகு இந்த வருஷம் முழுக்க அவருடைய தோள் துள்ளித் துள்ளி அடங்கும். அது வேண்டாம். வீட்டுக்கு வந்து அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்தியாகுவை அவள் இந்த அடுப்புப் பக்கம் விட்டதில்லை. அவனுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது. சுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், ஒன்றும் தெரியாது. பசித்தால் அடுப்படி வாசலில் வந்து நின்று இருமுவான், அதுதான் அவனுக்குத் தெரிந்த சமையல்.

சாயந்திரம் அவன் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவியதும், "இங்க வாங்க" என்றாள். "இந்தக் கோச நறுக்குங்க."

"நானா? விளையாடுறியா?"

"ஊருக்கு வச்சதுல நமக்கு என்ன மிஞ்சுச்சு? நம்ம ரெண்டு பேருக்கும் கொஞ்சமா வைப்போம். எனக்குக் கை வலிக்குது. நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க."

அவன் மணையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மரம் அறுப்பதுபோலக் கோசை அறுத்தான். சாசேஜைத் தடி தடியாக வெட்டினான். பூண்டைக் கருகவிட்டான். "அய்யே, தீய இழுங்க, தீய இழுங்க" என்று அவள் சத்தம் போட, பயந்துபோய் எரிகிற கட்டையையே வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோசு எழும்பி நின்றது, பிறகு அமிழ்ந்தது.

"இனி என்ன?"

"உப்பு."

அவன் ஜாடியைத் திறந்து கையை உள்ளே விட்டான். "எவ்வளவு?"

"நீங்களே பாத்துப் போடுங்க. இனிமே நீங்கதான பாத்துப் போட்டுக்கணும்."

சொல்லிய பிறகுதான் வாய் தவறியது அவளுக்குத் தெரிந்தது. சந்தியாகுவின் கை ஜாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. சவேரியார்காட்டில் பிறந்து வளர்ந்தவன், அவன் ஒன்றும் அவ்வளவு மக்கு இல்லை. அவன் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். காலையில் தோட்டத்தில் தான் கேட்டதும், அவள் குனிந்துகொண்டே பதில் சொன்னதும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அடுப்பில் சூப்பு தளதளவென்று கொதித்தது.

"கோசு ரொம்பக் குழையுது," என்றாள் கித்தேரி. "போடுங்க."

அவன் போட்டான். பாதி அடுப்பில் விழுந்து படபடவென்று வெடித்தது. கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். இது முதல் பனி சூப்பு இல்லை, வெறும் வீட்டுச் சூப்பு. அவள் ஒரு வாய் குடித்தாள். உப்பு நாக்கின் நுனியிலிருந்து அடிவரை பரவிப் போனது. எவ்வளவு நல்ல ருசி இது, இத்தனை நாள் இதைக் கவனிக்காமலே இருந்துவிட்டோமே என்று தோன்றியது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள்.